படக்கட்டில் போன பன்னிரண்டு வீடுகள்

நூத்தெட்டு வீடு என்கிற மீனவர் குடியிருப்பில் நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டு ஜன்னல், ஒரு புதன்கிழமை விடிந்தபோது, மேற்குச் சுவரை விட்டுவிட்டுக் கிழக்குச் சுவருக்குப் போயிருந்தது. முகத்தில் வெயில் அடிக்கவும் கண்ணைத் திறந்த புஷ்பம், பதினேழு வருஷமாக எதிர்வீட்டுக் கக்கூஸ் சுவரையே காட்டிக்கொண்டிருந்த அந்த ஜன்னல் இப்போது கடலைக் காட்டுவதையும், கடலில் தன் புருஷன் போன படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து முகம் கழுவி, படகு வந்து சேர்வதற்குள் சரியாக இருக்கும் என்று டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

தெருவில் இருந்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. கடலே எழுந்து நடந்து வந்து அடுப்படி வரைக்கும் பார்த்துவிட்டுப் போன ஊர் அது. ஒரு ஜன்னல் பக்கம் மாறியதற்கெல்லாம் அங்கே யாரும் மூக்கில் விரல் வைக்க மாட்டார்கள்.

"கம்பி பழசுதானா, புதுசா?" என்றாள் ஒருத்தி.

"பழசுதான். துருகூட அப்படியே வந்திருக்கு."

"மழைச் சாரல் அடிக்குமே புஷ்பம்."

"அடிக்கட்டும். கக்கூஸ் நாத்தத்துக்குச் சாரல் எவ்வளவோ தேவலை."

உச்சிப்பொழுதுக்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அறுபத்துமூன்றாம் நம்பர் வீட்டு அஞ்சலையின் மகள் இலக்கியா, முந்தின நாள் சாயங்காலம் புஷ்பத்தின் வீட்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த வீட்டைப் பெரிய தாளில் வரைந்திருக்கிறாள். எல்லாவற்றையும் உள்ளபடி வரைந்தவள், ஜன்னலை மட்டும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வரைந்திருக்கிறாள்.

அந்த வீடுகளின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். கடல் வந்து போன பிறகு, எங்கோ தூரத்தில், ஒரு மேசையில், இவர்களைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் ஒரு வீட்டைப் படமாகப் போட்டார். அந்த ஒரு படத்தை நூற்றெட்டு தடவை கட்டி, நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். நல்ல கெட்டியான வீடுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் வலை வைக்க இடமில்லை. கடல் காற்று வருகிற பக்கம் சுவர், வராத பக்கம் ஜன்னல். வாசல் ஆறடி உயரம். ஆறடி போதாதா என்று கேட்கலாம். அஞ்சலை ஐந்தடிதான். ஆனால் அஞ்சலை மீன் விற்கிறவள். சும்மாடு கட்டி, அதன்மேல் அலுமினிய அன்னக்கூடையை ஏற்றி, அதற்குமேல் தராசுத் தட்டையும் கவிழ்த்துக்கொண்டு நின்றால் அவள் உயரம் ஆறடியும் நாலு விரலும். இறக்கிவிட ஆள் இல்லாத வேளையில், கூடையை வெளியே வைத்தால் காக்கையும் நாயும் விடாது என்பதால், அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டு, முட்டிக்காலாலேயே நகர்ந்து வீட்டுக்குள் போவாள். அந்த நாலு விரலுக்காகத் தினமும் மண்டி போட்டுப் போட்டு அவளுக்கு இரண்டு முட்டியும் கறுத்துத் தடித்துப்போயிருந்தன.

இலக்கியாவுக்கு எட்டு வயசு இருக்கும்போது ஒருநாள் கேட்டாள். "ஏம்மா, இந்த வீட்டை வரைஞ்சது யாரு?"

"யாருக்குத் தெரியும். நல்லவங்கதான். நம்மளப் பாக்கலை, அவ்வளவுதான்."

அந்தப் பதில் அந்தப் பெண்ணின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. ப்ளஸ் டூ வந்தபோது, பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் பிரிசில்லா, வடக்கே ரயிலில் இரண்டு பகல் இரண்டு ராத்திரி போனால் ஒரு கல்லூரி இருக்கிறது, வீடு வாசல் நாற்காலி கரண்டி எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து வரைவதையே அங்கே நாலு வருஷம் படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள், அதற்குப் பெயர் டிசைன் என்று சொன்னபோது, இலக்கியா வேறு எதுவும் கேட்கவில்லை. "அதுக்கு என்ன டீச்சர் எழுதிப் போடணும்" என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டு படம், ஒரு கட்டாகக் கட்டி அனுப்ப வேண்டும். முந்நூறு வார்த்தையில் ஒரு கட்டுரை, ஏன் இந்தப் படிப்பு உனக்கு வேண்டும் என்று. எந்த மொழியிலும் எழுதலாம். கார்த்திகை கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். டீச்சர் அந்தக் கட்டுக்கு போர்ட்ஃபோலியோ என்றார். ஊர்க்காரர்கள் படக்கட்டு என்றார்கள். டீச்சர் தஞ்சாவூர் போய்க் கெட்டித்தாள் பன்னிரண்டு வாங்கிவந்து கொடுத்தார். அதில் முதல் தாளில்தான் புஷ்பத்தின் ஜன்னல் கிழக்கே போனது.

அப்புறம் அறுபத்துமூன்றாம் நம்பர் வாசலில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். ஒருத்திக்கு மாடிப்படி செங்குத்து, ஒருத்திக்கு அடுப்பு மேடை உயரம், பதினேழாம் நம்பர் காத்தமுத்துவுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி கலியனின் முகம் தெரியாதபடி வாசலை அடைத்து மறுபக்கம் திருப்ப வேண்டும்.

"பன்னண்டுதான் கேட்டிருக்காங்க பெரியப்பா. எனக்கு நாள் இல்ல," என்றாள் இலக்கியா.

சும்மா சாதாரணத் தாளில் வரைந்து தரச் சொல்லியும் பார்த்தார்கள். கணக்கு நோட்டில் ஒரு வீட்டை வரைந்தாள். மறுநாள் அந்த வீட்டுச் சுவர் பூராவும் நோட்டுக் கோடு விழுந்திருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. கடைசியில் ஊர்த் தலைவரான நாட்டார் தங்கவடிவேல் கோயில் வாசலில் பஞ்சாயத்தைக் கூட்டினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிடித்துவந்த மீன்பாட்டைப் பங்கு போடும்போது ஆளுக்கொரு பங்கு போக, படகுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைப்பார்கள். அதுபோல, புஷ்பம் வீடு முடிந்தது போக, பத்து வீட்டை அம்மன் முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பது, வரைகிற கைக்கென்று ஒரு பங்காக அறுபத்துமூன்றாம் நம்பர் வீடு என்று முடிவானது. சீட்டில் காத்தமுத்துவின் பதினேழும் விழுந்தது.

"மிச்சம் தொண்ணூத்தாறு வீடு?" என்று ஒருவர் கேட்டார்.

"படிச்சிட்டு வந்து," என்றாள் இலக்கியா, கூட்டத்துக்கு வெளியே, பெண்கள் நிற்கிற வேப்பமரத்தடியில் இருந்து. பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதில்லை என்பதால் அதை மரம் பேசியதாக எடுத்துக்கொண்டு எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்வரை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து அவள் வரைந்தாள். வரைவதற்கு முன்னால் அந்த வீட்டுக்காரியைக் குந்தச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்லி, குடத்தை இடுப்பில் வைக்கச் சொல்லி, முழத்தால் அளந்தாள். படிகள் தணிந்தன. அடுப்பு மேடைகள் தரைக்கு இறங்கின. வலையைச் செருகிவைக்கக் கூரையோரம் ஒரு இறவாணம் முளைத்தது. சனங்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். யார் வீட்டுப் படம் ஓடுகிறதோ அவர்கள் அன்று ராத்திரி பாத்திர பண்டங்களைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்துக்கொண்டு படுத்தார்கள். சுவர் நகரும்போது இடைஞ்சலாக இருக்கக் கூடாதல்லவா.

எல்லாம் சரியாகவே வந்தது என்று சொன்னால் அது பொய். எழுபதாம் நம்பரில் அடுப்படியை மூலைக்கு மாற்றினாள்; புகை நேராக எழுபத்தொன்றுக்குப் போய், அங்கே தொட்டிலில் கிடந்த பிள்ளை இருமியது. ஐந்தாம் நம்பரில் வாசற்படியைத் தணித்தாள். மறுநாள் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வந்து பாயை நனைத்தது. அந்த வீட்டுக்காரி, "கண்ணு, படி சொகமாத்தான் இருக்கு, தண்ணிக்கும் சொகமா இருக்கு" என்றாள். இலக்கியா அழவில்லை. ஒரு சின்ன நோட்டில், 'புகை எங்கே போகும்? தண்ணீர் எங்கே போகும்? தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டாள்.

நடுவில் ஆபீசில் இருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். கையில் பழைய பிளான். டேப்பைப் பிடித்து அளந்தார், பிளானைப் பார்த்தார், திரும்ப அளந்தார். பிளானில் மேற்கே இருந்த ஜன்னல் சுவரில் கிழக்கே இருந்தது. சுவரில் இடித்த தடமும் இல்லை, பூசிய தடமும் இல்லை. புஷ்பம் டீ கொடுத்தாள். அவர் அந்த ஜன்னலோரம் நின்று, கடலைப் பார்த்தபடி, டீயை மெதுவாகக் குடித்தார். பிறகு தம்முடைய பிளானைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, "இப்படிப் பாத்தா சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவதாக, தன் வீட்டை வரைந்தாள். எல்லா வீட்டுக்கும் எத்தனையோ மாற்றியவள், தன் வீட்டில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினாள். வாசலை ஆறடி எட்டு விரலாக ஆக்கினாள். அம்மாவின் உயரத்துக்கு மேலே நாலு விரல் காற்று. மறுநாள் மத்தியானம் அஞ்சலை கூடையோடு வந்து, வழக்கம்போல வாசற்காலைப் பிடித்து மண்டி போடப் போனவள், நிமிர்ந்து பார்த்து, நின்றபடியே உள்ளே போனாள். உள்ளே போனவள் கூடையை இறக்காமல் வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். இப்படி மூன்று தடவை. "கால்ல எதுவும் மிதிச்சிட்டியாம்மா?" என்று மகள் கேட்டதற்கு, "இல்லடி, சும்மாதான்" என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது, ஊர் அந்தப் பெரிய தப்பைச் செய்தது. அது அந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கடல் வந்தபோது அவர்களுடைய குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ், படகுப் பதிவு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஊறிக் கூழாகி, ஒவ்வொரு தாளுக்காகவும் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி, நான்தான் நான் என்று நிரூபிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதிலிருந்து நூத்தெட்டு வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் முதல் வேலையாக லேமினேஷன் போட்டுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்குக்கூடப் போடுவார்கள். ஆகவே, இலக்கியா அரையாண்டுப் பரீட்சைக்குப் போயிருந்த ஒரு காலையில், வீடுகளெல்லாம் தாளில் இருக்கிறது, தாள் நனைந்தால் என்ன ஆகும் என்று பஞ்சாயத்து பயந்து, அஞ்சலையிடம் பக்குவமாகச் சொல்லிப் படக்கட்டை வாங்கி, நாட்டாரே குடையோடு பஸ் ஏறிப் போய், பன்னிரண்டு படத்தையும் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து, மகிழ்ச்சியாகக் கொடுத்தார்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் சந்தோஷம். பன்னிரண்டு வீடும் பளபளவென்று மின்னியது; மேலே பட்ட மழை தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. பிறகுதான் தெரிந்தது. படத்தில் திறந்திருந்த கதவு மூடவில்லை. மூடியிருந்த கதவு திறக்கவில்லை. ஆணி அடித்தால் வழுக்கியது. புஷ்பத்தின் ஜன்னலில் கடல் தெரிந்தது, கடல் காற்று வரவில்லை. அலை அடிக்கிற சத்தம்கூட வரவில்லை. காத்தமுத்து, தம்பி மூஞ்சியைப் பார்க்கக் கூடாதென்று கேட்டு வாங்கிய மூடிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். மேலே ஒரு சின்னக் காற்றுப்போக்கி மட்டும் படத்தில் திறந்திருந்தது. அதன் வழியாகத் தம்பி கலியன்தான் ஸ்டூல் போட்டு ஏறி, சோற்றுப் பொட்டலத்தைப் போட்டான்.

"கொழம்பு ஊத்தியிருக்கியா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஊத்தியிருக்கேன். தின்னு."

"காரம் தூக்கலா இருக்குடா."

"ஒம் மூஞ்சிக்கு அது போதும்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட பேச்சு அது.

பரீட்சை முடிந்து வந்த இலக்கியா, நாட்டார் கையிலிருந்த கட்டை வாங்கிப் பார்த்தாள். கல்லூரிக்காரர்கள் அனுப்பிய தாளில் கடைசி வரி ஒன்று இருந்தது, அதை அவள் மட்டும்தான் படித்திருந்தாள். மூலப் படங்கள் மட்டும். நகல் கூடாது, லேமினேஷன் கூடாது.

"தப்பாப் பண்ணிட்டமா தாயி?" என்றார் நாட்டார்.

"தப்புதான் பெரியப்பா," என்றாள். "இன்னும் ஏழு நாள் இருக்கு. தபாலுக்கு மூணு நாள். எனக்கு நாலு நாள். யாரும் எங்கிட்டப் பேசாதீங்க."

பிரிசில்லா டீச்சர் மறுபடி தஞ்சாவூர் ஓடினார். ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று அவள் வரைந்தாள். மழை பெய்தது, பெண்கள் நாலு பேர் படுதாவை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு அவள் தலைக்குமேல் கூரையாக நின்றார்கள், கை மரத்துப்போனால் ஆள் மாறினார்கள். அஞ்சலை வேளாவேளைக்குச் சோற்றை உருட்டி மகள் வாயில் வைத்தாள். பழைய படத்தைப் பார்த்து வரையவில்லை அவள். மறுபடியும் குந்தச் சொன்னாள், எழச் சொன்னாள், முழம் போட்டாள். எழுபதாம் நம்பரில் புகைக்கு ஒரு வழி தேடினாள், பாதி கிடைத்தது. புதுத் தாளில் கோடு விழ விழ, வீடுகளின் மேலிருந்த பளபளப்பு பாம்புச் சட்டை போலப் பெரிய பெரிய சுருளாக உரிந்து விழுந்தது. அதைப் பெண்கள் வீணாக்கவில்லை, மடித்து எடுத்துவைத்தார்கள். கருவாட்டு மேல் போர்த்த அதைவிட நல்ல சாமான் கிடைக்காது. பதினேழாம் நம்பர் வந்தபோது காத்தமுத்து காற்றுப்போக்கி வழியாகச் சொன்னார்: "கதவை அவன் வீட்டுப் பக்கமே வச்சிரும்மா. தொறந்த மாதிரி."

நாலாம் நாள் மத்தியானம் பன்னிரண்டும் முடிந்தது. அப்போதுதான் பஞ்சாயத்து கூடி, படக்கட்டு ஊரை விட்டுப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது.

நாட்டார் கோபமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னார். "லேமினேஷனுக்கே இந்தப் பாடு. அங்க யாரோ எவரோ கையில எடுப்பாங்க. மடிச்சா என்ன ஆகும்? டீயைக் கொட்டினா? குப்பையில போட்டா? பன்னண்டு குடும்பம் உள்ள இருக்கு. நீ வேற எதையாச்சும் வரைஞ்சு அனுப்பும்மா. பூவு, மயிலு."

வேப்பமரத்தடியில் இருந்த இலக்கியா, ஆண்கள் உட்கார்ந்திருந்த சாக்கு விரிப்பின் ஓரம் வரை நடந்து வந்து நின்றாள். இந்தத் தடவை மரம் பேசியதாகச் சொல்லிக்கொள்ள யாராலும் முடியவில்லை.

"பெரியப்பா, நம்ம வீட்டையும் ஒருத்தர் எங்கேயோ இருந்துக்கிட்டு வரைஞ்சாரு. அவரு அந்தப் படத்து மேல டீயைக் கொட்டினாரான்னு நாம யாரும் கேக்கலை. நம்ம ஒசரம் என்னன்னு அவருக்குச் சொல்ல அங்க நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல. நான் அங்க போகணும். பூவையும் மயிலையும் அனுப்பினா அங்க பூவும் மயிலும்தான் போய்ச் சேரும்."

கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், அதை மீறினால் அந்த வீட்டுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அவரவர் வீட்டுப் படம் அவரவர் கையில் இருக்கட்டும் என்று பன்னிரண்டையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இலக்கியா வீட்டுக்கு வந்து, படக்கட்டின் வெறும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எழுதி வைத்திருந்த கட்டுரையைக் கிழித்துப்போட்டுவிட்டு, வேறு ஒன்று எழுத உட்கார்ந்தாள். படமில்லாத கட்டுக்கு எதற்குக் கட்டுரை என்று அஞ்சலை கேட்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டு மகள் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தங்கள் வீட்டுப் படத்தை எடுத்து அந்த அட்டைக்குள் வைத்தாள்.

"நம்ம வீடு போகட்டும். என்ன ஆகும், மிஞ்சிப்போனா மறுபடி மண்டி போடுவேன். பழகினதுதானே."

"கட்டுப்பாடும்மா."

"ஆம்பளைங்க போட்டது. அடுப்படியில போட்டாங்களா?"

அதைச் சொல்லிவிட்டு அவள் வாசலில் நின்று, மீன் கூவுகிற குரலில், தன் வீட்டுப் படம் போகிறது என்று தெருவுக்குச் சொன்னாள். முதலில் புஷ்பம் வந்தாள், ஜன்னலைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னால் ஐந்தாம் நம்பர்க்காரி வந்தாள், தண்ணீர் புகுந்த வீட்டுக்காரி. "போய்ப் படிச்சிட்டு வந்து எம் படியை ஒழுங்காப் போடு" என்று படத்தை நீட்டினாள். எழுபது வந்தது. கடைசியாகக் காத்தமுத்துவும் கலியனும் ஒரே படத்தின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டும் சேர்ந்தபோது நாட்டார் தெருமுனையில் நின்றிருந்தார். கட்டுப்பாட்டை அவர் எடுக்கவில்லை. தம்முடைய குடையை மட்டும் கொடுத்து, "தபாலாபீசு வரைக்கும் நனையாமக் கொண்டு போ" என்றார்.

அவள் எழுதிய கட்டுரை முந்நூறு வார்த்தைக்கு வரவில்லை. அது இப்படி முடிந்தது: 'எங்கள் வீட்டை வரைந்தவருக்கு எங்கள் அம்மாவின் உயரம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் புகை எங்கே போகும் என்று தெரியாது. தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாது. நான் வரைந்ததால் ஒரு குழந்தை இருமியது. தெரியாமல் வரைகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னும் தொண்ணூற்றாறு வீடு இருக்கிறது. அதனால் எனக்குச் சொல்லிக்கொடுங்கள்.'

தபால் போன மூன்று நாளும் பன்னிரண்டு வீடும் லேசாக ஆடின, ரயிலில் போகிற ஆட்டம். சனங்கள் பாத்திரத்தைப் பரணில் வைக்காமல் தரையில் வைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் ஆட்டம் நின்றது. பிறகு வெகுநாள் இருட்டு; பகலிலும் உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. "அலமாரியில வச்சிருக்காங்க" என்றாள் புஷ்பம். பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். விருந்தாளி வருகிற வீடு மாதிரி தினமும் பெருக்கிக் கோலம் போட்டு, நல்ல சேலையைக் கொடியில் தயாராகத் தொங்கவிட்டிருந்தார்கள்.

தை பிறந்து பத்தாம் நாள், காலை பத்தரை மணிக்கு, புஷ்பத்தின் வீட்டுக் கூரை இருந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் பரவி, அதற்கு அப்பால் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. ஃபேன் காற்று அடித்தது.

"வாங்க சார், வாங்க," என்று புஷ்பம் மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

"சார் இல்லக்கா, மேடம். வளையல் தெரியுது பாரு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வெளிச்சம் ஒவ்வொரு வீடாக நகர்ந்தது. எழுபதாம் நம்பரில் புகையை மறைக்க ஒருத்தி முறத்தால் விசிறினாள். "மறைக்காதீங்க அத்தை, அதைத்தான் எழுதியிருக்கேன்" என்று இலக்கியா தெருவில் கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் வெளிச்சம் அறுபத்துமூன்றுக்கு வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு, வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், மேலிருந்து கீழாக, சிவப்பாக ஒரு கேள்விக்குறி விழுந்தது. ஆள் உயரக் கேள்விக்குறி. அதன் அடிப்புள்ளி மட்டும் ஒரு தேங்காய் அளவு.

என்ன கேட்கிறார்கள் என்று இலக்கியாவுக்குத் தெரிந்தது. சின்ன வீட்டுக்கு, ஐந்தடி அம்மாவுக்கு இத்தனை உயர வாசலா, அளவு தெரியாத பெண்ணா இவள் என்று கேட்கிறார்கள். அம்மா ஐந்தடி என்று கட்டுரையில் சொன்னவள் கூடையின் உயரத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாள். கூடை இல்லாமல் அம்மாவை அவள் நினைத்ததே இல்லை என்பதால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது எழுதி அனுப்ப வழியில்லை. சிவப்புப் பென்சிலின் முனை கூரைக்கு மேலே காத்துக்கொண்டு நின்றது.

அஞ்சலை அப்போதுதான் விற்று முடித்துத் தெருவுக்குள் வந்தாள், தலையில் வெறும் கூடை.

"அம்மா, கூடையை இறக்காத. அப்படியே வாசல்ல வந்து நில்லு."

அஞ்சலை சுவரைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "வெறும் கூடையோட நின்னா நம்புவாங்களாடி?" என்றாள். புஷ்பம் ஓடிப்போய்த் தன் வீட்டு மத்தியை அள்ளிவந்து கொட்டினாள். இன்னொருத்தி சங்கரா கொண்டுவந்தாள். தராசுத் தட்டை மேலே கவிழ்த்தார்கள். அஞ்சலை கூடையோடு நடந்து வந்து வாசலுக்கு நடுவில் நின்று, கண்ணை மூடாமல், நேராக மேலே பார்த்தாள். தட்டுக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரல்.

பிறகு, யாரும் சொல்லாமலே, அவள் செய்தாள். இரண்டு கையாலும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, கூடை அசையாமல், மெதுவாக மண்டி போட்டாள். கறுத்த முட்டி இரண்டும் தரையில் பட்டன. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

ஃபேன் காற்று மட்டும் அடித்தது.

சுவரில், கேள்விக்குறியின் தலைப்பக்கம் மங்கியது. அப்புறம் வளைவு. அப்புறம் தண்டு. மேலே யாரோ ரப்பரால் அழுத்தி அழித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர்த் தூள் இளஞ்சிவப்பாக, அரிசிக் குருணை மாதிரி, அஞ்சலையின் தோளிலும் கூடையிலும் மீன்மேலும் உதிர்ந்தது. தேங்காய் அளவுப் புள்ளி கடைசியாகப் போனது. போன இடத்தில், சின்னதாக, ஒரு டிக் விழுந்தது. வெளிச்சம் நகர்ந்தது. கூரை பழையபடி கூரையானது.

கல்லூரியில் இருந்து கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. ஊர் அதைச் சுவரிலேயே படித்துவிட்டிருந்ததால் யாரும் அவசரப்பட்டுப் பிரிக்கவில்லை. நாட்டார்தான், மறக்காமல், இதற்கு லேமினேஷன் போடலாமா என்று இலக்கியாவிடம் முதலில் கேட்டார். போடலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் போட்டார். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த டிக்கை மட்டும் சுற்றி விட்டுவிட்டு அடித்தார்கள். மற்ற தொண்ணூற்றாறு வீட்டிலும் பெண்கள் அவரவர் வாசற்காலில், அவரவர் தலைச்சுமையோடு நின்று, உயரத்துக்குக் கரிக்கோடு போட்டுவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அன்றைக்கு நடந்தது இன்னும் ஒன்று உண்டு. டிக் விழுந்ததும் புஷ்பம் கேட்டாள், "என்ன அஞ்சலை, மகளுக்குக் கெடைச்சிருச்சா?"

"எனக்கென்னடி தெரியும்," என்றாள் அஞ்சலை, ரப்பர்த் தூளைத் தட்டிவிடாமல். "நம்மளப் பாத்துட்டாங்க."

சொல்லிவிட்டு, கூடையோடு, நிமிர்ந்தபடியே வீட்டுக்குள் போனாள்.